தண்டவாளத்துக் கேங்

எங்கள் வீட்டில் ‘கேங்’ என்பது மரியாதையான சொல். தாத்தா கேங்கில் இருந்தார். அப்பா கேங்கில் இருந்தார். 1972இல் நானும் சேர்ந்தேன். “அப்பா எங்கே?” என்று வாசலில் யாராவது கேட்டால், “கேங்குக்குப் போயிருக்காரு” என்று அம்மா நிமிர்ந்து பதில் சொல்லுவார். மலாயா ரயில்வேயில் தண்டவாளத்தைக் காத்து நிற்கும் தொழிலாளர் குழுவுக்கு அதுதான் பெயர். குழுத் தலைவர் கேங் மண்டோர். மற்றவர்கள் கேங் ஆட்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே வீடுகளில் பாதிப் பேர் கேங் குடும்பம்தான்.

இன்று அதே பிரிக்பீல்ட்ஸில், அதே சொல்லைச் சொன்னால் கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகள் என்று அறிவித்தது. 04, 08, 36 என்று எண்களாலான பெயர்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. அவற்றில் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்ற கணக்கும் கூடவே வந்தது. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தக் கும்பல்களில் சேர்ந்த பையன்கள் செய்தவை வருத்தின என்பது ஒரு பக்கம். அவர்களின் பாட்டன்மார் நெற்றி வியர்வையில் சம்பாதித்த ஒரு சொல் அவர்கள் கையில் இப்படி ஆகிவிட்டதே என்பது இன்னொரு பக்கம். அந்தச் சொல் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை, அந்த வேலை தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

சொல்லின் பிறப்பை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பாதை இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துப் பெரியவர். அந்தக் காலத்து ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, இன்ஸ்பெக்டர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். சம்மட்டியும் கடப்பாரையும் பிடிப்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்களும் தெலுங்கரும். இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு வேலி இருந்தது உண்மை. ஆனால் இவர் மதிய நேரத்தில் எங்கள் கேங் குடிசை நிழலுக்கு வந்து உட்கார்ந்து பேசுவார். ஒரு நாள் கேட்டார்: “தம்பி, கேங் எண்டால் என்ன எண்டு தெரியுமோ?”

“ஆளுங்க கூட்டம்தானே ஐயா.”

“அது பிறகு வந்தது. முதல் அர்த்தம் நடை.”

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் போதல், நடத்தல், போகும் வழி என்பதுதான் பொருள். ஸ்காட்லாந்துக்காரர் வாயில் ‘கேங்’ என்றால் ‘போ’. இன்ஸ்பெக்டர் இளைஞராகச் சேர்ந்தபோது இருந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஒருவர் அப்படித்தான் பேசுவாராம். கப்பலில் ஏறி இறங்கும் பலகையைக் கிள்ளான் துறைமுகத்து ஆட்கள் ‘கேங்வே’ என்பார்கள். அதில் இருப்பது அந்தப் பழைய பொருள். டச்சு மொழியில் அதே சொல் நடைவழி. அது ஜாவாவுக்குப் போய், இந்தோனேசியாவில் இன்றும் குறுகிய சந்துக்கு ‘காங்’ என்று பெயர். ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒன்றாகப் போகும் பொருள்களின் தொகுதிக்கு அது பெயராயிற்று. ஒரு வேலைக்கான கருவிகளின் செட்டு என்பது போல. 17ஆம் நூற்றாண்டில் ஒன்றாக வேலை செய்யும் ஆட்களுக்கு வந்து சேர்ந்தது. திருடர் கூட்டத்துக்கும் அதே நூற்றாண்டில்தான் வந்தது. ஒரே சொல்லில் உழைப்பாளியும் கொள்ளைக்காரனும் முந்நூற்றுச் சொச்சம் வருஷமாகக் கூடவே நடந்து வந்திருக்கிறார்கள்.

நம் மொழிக்கும் இந்த யோசனை புதிதல்ல. சேர்ந்து பயணம் போகும் வணிகர் கூட்டத்துக்குப் பழந்தமிழில் ‘சாத்து’ என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே அது இருக்கிறது. உட்கார்ந்து கூடினால் அவை, நடந்து கூடினால் சாத்து. எங்கள் கேங்கும் நடந்து கூடியதுதான். மலாய்க்காரர்கள் ஆங்கிலத்திலிருந்து அதை ‘கெங்’ என்று எடுத்துக்கொண்டு நண்பனைக் கூப்பிடுகிறார்கள். ‘ஜோம், கெங்’ என்று மலாய்ப் பையன் தோளில் கை போட்டால் யாரும் பயப்படுவதில்லை. நம் பையன் சொன்னால்தான் பயப்படுகிறார்கள்.

வேலைக்கு வருகிறேன்.

எங்கள் பாதை மீட்டர் அகலப் பாதை. தண்டவாளத்தின் கீழே சிலிப்பர் கட்டைகள். நான் சேர்ந்தபோது பெரும்பாலும் செங்கால் மரம். இரும்பு போலக் கனக்கும், மழையிலும் கரையான் தொடாது. அதற்கும் கீழே உடைகல். ரயில் ஓட ஓடக் கல் அழுந்தும், ஒதுங்கும். ஓரிடத்தில் கட்டை இறங்கினால் அடுத்த வண்டி அங்கே கொஞ்சம் பலமாக இடிக்கும். அதனால் இன்னும் இறங்கும். அதைப் பார்த்துச் சரி செய்வதுதான் கேங்கின் அன்றாட வேலை. மண்டோர் குனிந்து, கிட்டத்தட்டக் கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். நூறு கெஜ தூரத்தில் அரை அங்குலப் பள்ளம் அவர் கண்ணுக்குத் தெரியும். கையைத் தூக்கி, இன்னும் போ, இன்னும் போ, நில் என்று காட்டுவார். அந்த இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டையின் கீழே கல்லை அடித்து இறுக்குவோம். பேக்கிங் என்று பெயர். இரண்டு பக்கமும் எதிரெதிராக ஆள் நின்று ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும். ஒருவன் பலசாலி என்று வேகமாக அடித்தால் கல் எதிர்ப்பக்கம் ஓடிவிடும், கட்டை ஒருக்களிக்கும். கேங்கில் பலசாலிக்குத் தனி மதிப்பு கிடையாது. பக்கத்து ஆளின் கைக்குத் தன் கையைப் பொருத்தத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு.

பாதை வளைந்து போயிருந்தால் அதை நேராக்குவது இன்னொரு வேலை. ஆறேழு பேர் கடப்பாரையைத் தண்டவாளத்தின் அடியில் சொருகி நிற்போம். குரல் கொடுக்க ஒருவர் இருப்பார். அவர் இழுத்துக் குரல் கொடுக்க, நாங்கள் ‘ஐலசா’ என்று முடிக்கும் அந்த நொடியில் எல்லாக் கடப்பாரையும் ஒன்றாக நெம்பும். தண்டவாளம் ஒரு விரல் அகலம் நகரும். அவ்வளவுதான், மறுபடியும் ஒரு குரல். அப்பாவின் கேங்கில் குரல் கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். அவர் லீவு போட்டால் அன்று மண்டோர் பாதை நேராக்கும் வேலையையே எடுக்க மாட்டார்.

தண்டவாளம் மாற்றும் நாள்தான் பெரிய நாள். கெஜத்துக்கு 80 ராத்தல் வகையில் நாற்பதடித் தண்டவாளம் ஒன்று ஏறக்குறைய அரை டன். இடுக்கி போட்டு இருபக்கமும் ஆட்கள் தூக்கி நடப்போம். ஒரு ஆள் சொல்லாமல் கையை விட்டால் அந்தப் பாரம் மற்றவர் கால்மேல். அதனால் தூக்கவும் குரல், நடக்கவும் குரல், இறக்கவும் குரல். குரல் இல்லாமல் ஒரு விரல்கூட அசையாது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டு மதிய வெயிலில் இரும்பு நீளும். நாற்பதடித் தண்டவாளம் விடியற்காலைச் சூட்டைவிட முப்பது டிகிரி கூடினால் நான்கு மில்லிமீட்டர் நீளும். கேட்பதற்குச் சின்ன அளவு. ஆனால் ஒவ்வொரு தண்டவாளமும் அப்படி நீண்டு, மூட்டில் இடம் இல்லாமல் ஒன்றையொன்று நெருக்கினால், பாதை பாம்பு போல நெளிந்துவிடும். அதனால் மூட்டுக்கு மூட்டு இடைவெளி விட வேண்டும், இணைப்புத் தகட்டுக்கு எண்ணெய் போட வேண்டும், உச்சிவெயிலில் கல்லைக் கிளறவே கூடாது. பாதையைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கல்தான். இதை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் படிக்கவில்லை. மண்டோருக்கு அவர் மண்டோர் சொன்னது, அவருக்கு அவருடைய மண்டோர்.

இதற்கெல்லாம் முன்னால் நடை. விடியும் முன் ஒருவர் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, தண்டவாளத்தில் வைக்கும் வெடி எல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் எல்லை முழுவதும் நடப்பார். போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது மற்றது. சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாகும். உடைப்பைக் கண்டால் அந்த வெடியைத் தூரத்தில் பொருத்திவிட்டுக் கொடியோடு ஓட வேண்டும். வண்டிச் சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். அந்த வேலை எனக்கு வந்த மாதங்களில்தான் இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னதன் முழு அர்த்தம் எனக்குள் இறங்கியது. எங்கள் கேங் அந்தச் சொல்லின் ஆதிப் பொருளில் கேங். நாங்கள் நடந்தால்தான் அது கேங்.

புதிதாக வரும் பையனிடம் மண்டோர் முதல் நாள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

“வண்டி வந்தா எந்தப் பக்கம் ஒதுங்குவ?”

“வண்டி வராத பக்கம்ண்ணே.”

“இல்ல. நான் ஒதுங்குற பக்கம். எல்லாரும் ஒரே பக்கம். புரியுதா?”

இரட்டைப் பாதை வந்தபிறகு இதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் சிதறினால் மண்டோரால் தலை எண்ண முடியாது. மறுபக்க வண்டிச் சத்தம் இந்த வண்டிச் சத்தத்தில் மறைந்துபோகும். ஒருவன் கடப்பாரையை எடுக்கத் திரும்பிப் போவான். ஒரே பக்கம் ஒதுங்கி, கருவிகளை எடுத்து வைத்து, எண்ணி முடித்த பிறகுதான் மண்டோர் டிரைவருக்குக் கை காட்டுவார்.

எங்கள் கேங்குக்கும் எண் இருந்தது. குடிசைக் கதவில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். எந்த மைல் கல்லிலிருந்து எந்த மைல் கல் வரைக்கும் நாங்கள் பொறுப்பு என்று அந்த எண் சொன்னது. அந்தத் தூரத்தில் ஒரு மூட்டு தளர்ந்தால் எங்கள் எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். எண் என்றால் எங்களுக்குப் பொறுப்பு. பையன்களின் கையில் பச்சை குத்தியிருக்கும் எண்கள் சீனரின் பழைய இரகசியச் சங்கங்கள் வழியாக வந்தவை. எந்த மைலுக்கும் அவை பொறுப்பு ஏற்கவில்லை.

எங்கள் கேங் பார்த்துக்கொண்டது கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பாதை, சிலாங்கூரின் முதல் ரயில் பாதை. அதற்கும் முன்பே, 1885 ஜூனில், தைப்பிங்கிலிருந்து வெல்ட் துறைமுகத்துக்கு எட்டு மைல் பாதை திறந்தாகிவிட்டது. அதைப் போட வந்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர். எங்கள் பாதை 1886 செப்டம்பரில், கிள்ளான் ஆற்றின் இந்தக் கரையில் புக்கிட் கூடா வரைதான் வந்தது. பாலம் கட்டி ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் ஊருக்குள் போக 1890 ஆயிற்று. பிறகு கடற்கரைச் சதுப்பு வழியாக, 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை நீண்டது. அந்தச் சதுப்பில் மலேரியா எத்தனை பேரைக் கொண்டுபோனது என்றால், துறைமுகம் திறந்த சூட்டிலேயே அதை மூடிவிடலாமா என்று யோசித்தார்கள். கிள்ளான் டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டித் தண்ணீரை ஓடவைத்துக் கொசுவை அடக்கினார். மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தது. வடிகாலை வெட்டியவர்கள் கூலிக் கேங்குகள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. தாத்தா அந்தச் சதுப்புப் பகுதியில் வேலை செய்தவர். காய்ச்சல் வந்து படுத்தவனின் பங்கு வேலையை மற்றவர்கள் சேர்ந்து முடித்து, வருகைப் பதிவான செக்ரோலில் அவனுக்கும் பேர் விழவைப்பார்களாம்.

ஜப்பான்காரன் காலத்தை எங்கள் வீட்டில் அதிகம் பேசமாட்டார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பல பத்தாயிரம் பேர் திரும்பவில்லை. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பிடுங்கித்தான் அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்கள் ஆட்கள் போட்ட இரும்பை எடுத்து, எங்கள் ஆட்களின் மேலேயே அந்தப் பாதையைப் போட்டார்கள் என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார்.

சுதந்திரம் வந்தும் கேங் ஆட்களில் பலர் நாள்கூலியாகவே இருந்தார்கள். மழை பெய்து வேலை நின்றால் சம்பளமும் நின்றது. 1962 கடைசியில் ரயில்வே தொழிலாளர் சங்கம், நாள்கூலிக்காரர்களை மாதச் சம்பளத்துக்கு மாற்ற வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தது. மூன்று வாரம் ரயில் ஓடவில்லை. நான் அப்போது சின்னப் பையன். குவார்ட்டர்ஸில் பொதுச் சமையல் நடந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்தும் அரிசி வந்தது. எங்கள் அம்மாவும் ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியும் ஒரே அடுப்பில் நின்றதை நான் பார்த்தேன். அந்த வேலி அன்றைக்கு இல்லை. ஒரே பக்கம் ஒதுங்கத் தெரிந்த ஆட்கள் என்பதால்தான் அந்த மூன்று வாரம் தாங்கினார்கள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

பிறகு மெஷின் வந்தது. பேக்கிங் மெஷின் ஒன்று, நாங்கள் நாள் முழுக்க அடிப்பதை அரைமணிக்குள் அடித்து முடித்துப் போய்விடும். மரக்கட்டைக்குப் பதில் கான்கிரீட் கட்டை. தண்டவாளத்தை நீளநீளமாகப் பற்றவைத்து மூட்டுகளே குறைந்தன. கிள்ளான் பாதை இரட்டையாகி, மேலே மின்கம்பி வந்து, 1995இல் கொமுட்டர் ரயில் ஓடியது. நல்ல மாற்றங்கள்தான். முதுகு ஒடிந்து நாற்பது வயதில் கிழவனான அப்பாவை நினைத்தால் மெஷினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கேங்குகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சிறுத்துப்போயின. பிரிக்பீல்ட்ஸ் யார்டு இருந்த இடத்தில் 2001இல் சென்ட்ரல் ஸ்டேஷன் திறந்தது. நூறு குவார்ட்டர்ஸ் என்று நாங்கள் சொன்ன பழைய வீடுகளும் பிறகு இடிக்கப்பட்டன. நான் 2006இல் ஓய்வு பெற்றேன். இப்போது ‘டீம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். எனக்கு என் பழைய சொல்தான் பிடிக்கிறது.

இதே வருஷங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் கித்தாத் தோட்டங்களும் வீடமைப்புத் திட்டங்களாயின. தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வரிசையாக நின்றவர்களின் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். லயத்தை விட்டு வந்தபோது கோயிலும் திடலும் மண்டோரும் கூட வரவில்லை. ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குத் தன்னை எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும். இன்றைக்கு வந்தானா, ஏன் வரவில்லை, சாப்பிட்டானா என்று கேட்க ஒருவர் வேண்டும். எண்களை வைத்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். செலவுக்கு இருபது வெள்ளி கொடுக்கிறார்கள், அடிதடியில் பின்னால் நிற்கிறார்கள். எங்கள் கேங் கொடுத்ததைப் போலவே தோற்றம் உள்ள ஒன்றைக் கொடுக்கிறார்கள். வண்டி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். அங்கே மண்டோர் முதலில் ஒதுங்கிவிடுவார். பையன் பாதையில் நிற்பான். சிறையில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்த தாய்மார் பலரோடு நான் பேசியிருக்கிறேன். ஒருவர்கூட, தலைவன் வந்து வக்கீல் வைத்தான் என்று சொல்லவில்லை.

அதனால் இப்போது ஒரு வேலை எடுத்திருக்கிறேன். கோலாலம்பூருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையே வேலை செய்த கேங்குகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கிறேன். எந்தக் கேங், எந்த மைல், மண்டோர் யார், குரல் கொடுத்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார். பாடாங் ஜாவாவிலிருந்து கிள்ளான் வரை ஓரளவு சேர்ந்துவிட்டது. அங்கே வேலை செய்தவர்களில் சிலர் சிம்பாங் லீமா பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பெட்டாலிங்கிலிருந்து பத்து தீகா வரைதான் பாதிக்குமேல் காலியாக இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் பூச்சோங்கிலும் ஷா ஆலாமிலும் சிதறியிருக்கும். பழைய செக்ரோல் தாள், சம்பளச் சீட்டு, குடிசை முன்னால் எடுத்த படம் எதுவானாலும் சரி, எனக்குத் தாருங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் கதவில் எழுதியிருக்கும் எண் தெரிந்தால் போதும்; மற்றதை நான் விசாரித்துக்கொள்வேன்.